பிரைவேட் லிமிடெட் கம்பெனி வாங்கவோ விற்கவோ போகிறீர்களா? விலை பேசும் முன் இதைப் படியுங்கள்

கோவையில் கம்பெனி செக்ரட்டரியாகத் தொழில் செய்கிறேன். பவுண்டரி, பம்ப் கம்பெனி, ஸ்பின்னிங் மில், திருப்பூர் சாயப்பட்டறை என்று குடும்பத்துக்குள்ளேயே பங்குகளை வைத்திருக்கும் கம்பெனிகள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. வாங்குபவரும் விற்பவரும் என் அலுவலகப் படியேறும்போது பெரும்பாலும் விலை பேசி முடித்திருப்பார்கள். டோக்கன் அட்வான்சும் கைமாறியிருக்கும். "பேப்பர் மட்டும் ரெடி பண்ணிக் குடுத்துடுங்க மேடம்" என்பார்கள்.

பேப்பரைப் பார்த்துவிட்டுத்தான் விலையே பேச வேண்டும். பங்கு விற்பனையில் கை மாறுவது ஷெட்டும் லேத்தும் இல்லை, பங்கு. அது யார் பெயரில் இருக்கிறது, அவரால் அதை விற்க முடியுமா என்று தெரியாமல் சொல்கிற எந்த விலையும் ஊகம்தான். நான் எழுதுவது தமிழ்நாட்டில் பதிவான, பங்குச் சந்தையில் இல்லாத பிரைவேட் கம்பெனிகளைப் பற்றி. வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பங்கை வாங்குவதா, தொழிலை வாங்குவதா

முதலில் இதை முடிவு செய்யுங்கள். பங்கை வாங்கினால் கம்பெனி இருந்தபடியே இருக்கும். அதன் உரிமையாளர்கள் மட்டும் மாறுவார்கள். நிலம், மின் இணைப்பு, ஜிஎஸ்டி எண், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, தொழிலாளர்களின் சர்வீஸ் எல்லாம் கம்பெனி பெயரிலேயே தொடரும். பழைய வரி நோட்டீசும், லேபர் கோர்ட் வழக்கும், யாரோ ஒரு சப்ளையருக்குத் தராமல் விட்ட பாக்கியும் அதேபோலத் தொடரும். கம்பெனி சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அதன் பழைய கணக்கு அதோடுதான் வரும்.

தொழிலை மட்டும் மொத்தமாக வாங்குவது இன்னொரு வழி. ஸ்லம்ப் சேல் என்பார்கள். விற்பவரின் கம்பெனி அவரிடமே இருக்கும். அதிலுள்ள நிலம், மெஷின், ஸ்டாக், ஆர்டர், ஆட்கள் எல்லாம் ஒரே தொகைக்கு உங்கள் கம்பெனிக்கு வரும்.

செலவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பங்குதாரர் கம்பெனிச் சொத்துக்குப் பங்காளி ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1954லேயே பச்சா குஸ்தார் வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே பங்கு விற்பனை நில விற்பனையாகக் கருதப்படுவதில்லை. 2020 ஜூலை 1 முதல் பங்கு மாற்றத்துக்கு முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம். 5 கோடி ரூபாய் பங்குக்கு 7,500 ரூபாய். அதே 5 கோடி நிலமாகக் கிரயம் ஆனால், 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் சேர்த்து 45 லட்சம். நிலம் பெரிதாக இருக்கும் கம்பெனிகளில் எல்லோரும் பங்கு வழிக்கே போவது இதனால்தான்.

"பழசு பயமா இருக்கு, தொழிலை மட்டும் வாங்கிக்கறோம், பாக்கி எதுவும் நமக்கு வராது" என்று சிலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. ஜிஎஸ்டி சட்டம் 85ஆம் பிரிவின்படி, தொழில் கை மாறும் நாள் வரைக்குமான வரி பாக்கிக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு. பிராவிடண்ட் ஃபண்ட் பாக்கியும் வாங்கியவரைத் தேடி வரும், அவருக்கு வந்து சேர்ந்த சொத்தின் மதிப்பு வரைக்கும். விற்பவர் மீது வருமான வரி நடவடிக்கை நிலுவையில் இருந்தால், துறையின் முன் அனுமதி இல்லாத சொத்து மாற்றம் பின்னால் சிக்கலாகும். தொழிலாளர்களுக்கு சர்வீஸ் முறியாமலும் சம்பள நிபந்தனை குறையாமலும் தொடர வேண்டும். இல்லாவிட்டால் ஆட்குறைப்புக்கு உரிய இழப்பீடு தர வேண்டும். நடக்கும் தொழிலை அப்படியே மாற்றினால் ஜிஎஸ்டி கிடையாது என்பதும், தேங்கியிருக்கும் இன்புட் கிரெடிட்டை (கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டிக்கான வரவு) ஐடிசி-02 படிவம் வழியாக மாற்றிக்கொள்ளலாம் என்பதும் இந்த வழியின் நல்ல பக்கங்கள்.

இன்னொன்று. "கம்பெனியில நிறைய நஷ்டம் இருக்கு, வருஷக்கணக்கா வரி கட்ட வேண்டாம்" என்று சொல்லி அதற்கும் ஒரு விலை வைப்பார்கள். குடும்பக் கம்பெனியில் வாக்குரிமையுள்ள பங்குகளில் 49 சதவீதத்துக்கு மேல் கை மாறினால், முன்னெடுத்துவரும் தொழில் நஷ்டம் பொதுவாக அதோடு போய்விடும். கழிக்காமல் நிற்கும் தேய்மானத்துக்கு அந்தத் தடை இல்லை. நஷ்டத்துக்கு விலை கொடுக்காதீர்கள்.

ஆர்ட்டிகிள்ஸைக் கடைசிப் பக்கம் வரை வாசியுங்கள்

பிரைவேட் கம்பெனி என்ற பெயரே பங்கு மாற்றத்துக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால்தான். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் அப்படித்தான் வரையறுக்கிறது. அந்தக் கட்டுப்பாடு என்ன என்பதைக் கம்பெனியின் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸ் ஆஃப் அசோசியேஷன் சொல்லும். வெளியாளுக்கு விற்கும் முன் இருக்கிற பங்குதாரர்களிடம் கேட்க வேண்டும் என்று பெரும்பாலும் இருக்கும். எந்த வடிவில் நோட்டீஸ், எத்தனை நாள் அவகாசம், விலையை யார் நிர்ணயிப்பது, ஆடிட்டரா டைரக்டர்களா என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. நோட்டீஸ் அனுப்பாமல் விற்றால் மைத்துனரோ சித்தப்பா மகனோ பிறகு சென்னை கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் நிற்பார்.

ஆர்ட்டிகிள்ஸில் இல்லாமல் குடும்பத்துக்குள் மட்டும் பேசி வைத்த ஒப்பந்தங்களும் உண்டு. வி.பி. ரங்கராஜ் எதிர் வி.பி. கோபாலகிருஷ்ணன் என்ற வழக்கு தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது; தீர்ப்பு 1992ஆம் ஆண்டு சட்ட இதழ்களில் வந்தது. இரண்டு அண்ணன் தம்பி குடும்பங்கள், கம்பெனியில் சமபங்கு. ஒரு கிளையில் யாராவது விற்பதானால் முதலில் அதே கிளைக்குத்தான் தர வேண்டும் என்று பெரியவர்கள் வாய்மொழியாகப் பேசி வைத்திருந்தார்கள். ஒருவர் மற்ற கிளைக்கு விற்றுவிட்டார். ஆர்ட்டிகிள்ஸில் அப்படியொரு கட்டுப்பாடு இல்லை, ஆகவே அது கம்பெனியையும் பங்குதாரர்களையும் கட்டுப்படுத்தாது, விற்பனை செல்லும் என்றது நீதிமன்றம். குடும்பத்தில் ஏதாவது பேசி வைத்திருந்தால் சிறப்புத் தீர்மானம் போட்டு ஆர்ட்டிகிள்ஸில் ஏற்றிவிடுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இந்தத் தீர்ப்பால்தான். 49 சதவீதம் மட்டும் வாங்கி, மீதியைப் பிறகு வாங்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

உறுப்பினர் பதிவேடு

நான் அதிக நேரம் செலவிடுவது இந்தப் புத்தகத்தில்தான். எம்ஜிடி-1 படிவத்தில் உள்ள பதிவேடு, அதோடு பங்குச் சான்றிதழ்கள், மினிட்ஸ் புத்தகம். மூன்றையும் மேசைமேல் பரப்பி, கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு பங்கும் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பழைய சான்றிதழ்களில் பங்குகளுக்கு வரிசை எண் இருக்கும்: 1 முதல் 5,000 வரை ஒருவர், 5,001 முதல் 8,000 வரை இன்னொருவர். அந்த எண்கள் எங்கேயாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலோ நடுவில் ஓர் இடைவெளி விழுந்தாலோ அங்கே நிறுத்திக் கேளுங்கள். ஆண்டு ரிட்டனில் ஒரு கணக்கு, பதிவேட்டில் ஒரு கணக்கு என்று இருந்தால் இன்னும் கவனமாகக் கேளுங்கள். ரிட்டன் ஆடிட்டர் அலுவலகத்தில் போன வருடத்தைப் பார்த்து டைப் செய்யப்பட்டிருக்கலாம்.

கோவை கணபதி பகுதியில் ஒரு பவுண்டரி. அப்பா தொடங்கியது. அண்ணன் தம்பி இருவரும் நடத்தி, நல்ல விலைக்கு ஆள் வந்ததும் விற்க முடிவு செய்தார்கள். பதிவேட்டைத் திறந்தால் 60 சதவீதப் பங்கு இன்னமும் அப்பா பெயரில். அவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. டைரக்டர் பெயர்கள் மாறியிருந்தன, வங்கியில் கையெழுத்து மாறியிருந்தது, பங்கு மட்டும் மாறவில்லை. ஈரோட்டில் கட்டிக்கொடுத்த ஒரு தங்கை உண்டு. "தங்கச்சிதானுங்க மேடம், சொன்னா கையெழுத்துப் போட்டுடும்" என்றார் மூத்தவர். வாங்குபவர் எதுவும் பேசாமல் என்னைப் பார்த்தார்.

உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணின் சொத்துக்கு மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாய் உயிரோடு இருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசுகள். எல்லோருக்கும் சமபங்கு. கட்டிக்கொடுத்ததால் மகளின் பங்கு குறையாது. இறந்தவர் பங்கை அவருடைய சட்டப்படியான பிரதிநிதிகள், தங்கள் பெயர் பதிவேட்டில் ஏறாமலேயேகூட மாற்றிக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் நான் அந்தக் குறுக்கு வழிக்குப் போகமாட்டேன். முதலில் தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, தேவைப்பட்டால் நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்று, பிறகு டிரான்ஸ்மிஷன் (இறந்தவர் பங்கை வாரிசு பெயருக்கு மாற்றுவது) மூலம் ஒவ்வொருவர் பங்கும் அவரவர் பெயருக்கு. இதற்கு முத்திரைத் தீர்வை கிடையாது. அதன் பிறகு அம்மாவும் மூன்று பிள்ளைகளும் அவரவர் பங்குக்குத் தனித்தனியாகக் கையெழுத்திட்டு, பணமும் அவரவர் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். தங்கையின் பணத்தை அண்ணன் வாங்கித் தருவதாகச் சொன்னால் வாங்குபவர் சம்மதிக்கக் கூடாது. அந்தப் பவுண்டரியில் அப்படியே செய்தோம். தங்கை வந்து உட்கார்ந்து ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தார். இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் நியாயமான கேள்விகள். பிறகு கையெழுத்துப் போட்டார்.

நாமினி பெயர் இருக்கிறதே என்பார்கள். நாமினி என்பவர் பெற்று வைத்திருப்பவர் மட்டுமே, வாரிசுகளின் உரிமை அதனால் போய்விடாது என்று 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. நாமினியின் கையெழுத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

பங்கு காகிதத்தில் இருக்கிறதா, டீமேட் என்னும் மின்னணுக் கணக்கிலா என்பதையும் இப்போதே பாருங்கள். மூலதனத்தையும் விற்றுமுதலையும் வைத்துச் சட்டம் சொல்லும் சிறிய கம்பெனி என்ற வரையறைக்குள் வராத பிரைவேட் கம்பெனிகள் 2025 ஜூன் 30க்குள் டீமேட்டுக்கு மாறியிருக்க வேண்டும். அப்படி மாற வேண்டிய கம்பெனியின் காகிதப் பங்கை இனி விற்க முடியாது. முதலில் கம்பெனி தன் பங்குக்கான அடையாள எண்ணான ஐஎஸ்ஐஎன் வாங்கி, விற்பவர் டீமேட் கணக்குத் தொடங்கி, பங்கை அதில் ஏற்ற வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் பிடிக்கும், ஒப்பந்தத் தேதியில் அதைக் கணக்கு வையுங்கள். இன்னொரு கம்பெனியின் துணை நிறுவனம் அளவில் எவ்வளவு சின்னதானாலும் சிறிய கம்பெனி ஆகாது. உங்கள் கம்பெனி பெயரில் முழுப் பங்கும் வாங்கினால், வாங்கிய பிறகு அந்த வேலை உங்கள் தலைக்கு வரும்.

வெளியில் நின்றே பார்க்கக்கூடியவை

கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால் எந்தக் கம்பெனியின் பொது ஆவணங்களையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விற்பவரிடம் கேட்கக்கூட வேண்டாம். பேலன்ஸ் ஷீட், ஆண்டு ரிட்டன், டைரக்டர் மாற்றங்கள், அடமானப் பதிவுகள் எல்லாம் அங்கே உண்டு. பேலன்ஸ் ஷீட்டுக்கான ஏஓசி-4, ஆண்டு ரிட்டனுக்கான எம்ஜிடி-7 தாக்கல் விடுபட்டிருந்தால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் தாக்கல் செய்யாத கம்பெனியின் டைரக்டர்கள் 5 ஆண்டுக்குத் தகுதி இழப்பார்கள். அடமானப் பட்டியலில், எப்போதோ அடைத்த டேர்ம் லோன் இன்னும் திறந்தே கிடக்கும். கடன் அடைத்ததும் அடமானம் தீர்ந்ததைப் பதியும் சிஹெச்ஜி-4 படிவத்தைத் தாக்கல் செய்யாமல் விட்டிருப்பார்கள். அதை முடித்துத் தருவது விற்பவரின் வேலை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நிலத்தில் நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல், ஃபேக்டரி நிற்கும் இடம் கம்பெனியுடையதாகவே இருக்காது என்பது. அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோ இருக்கும். கம்பெனி வாடகை கொடுக்கும். கம்பெனியை வாங்கிய மறுமாதம் வீட்டுக்காரர் வேறு ஆள் என்று தெரிய வரும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். வில்லங்கச் சான்று, பட்டா, மூலப் பத்திரம் மூன்றையும் பாருங்கள். சிப்காட், சிட்கோ இடமாக இருந்தால் ஒதுக்கீட்டு ஆணையையும் குத்தகைப் பத்திரத்தையும் வரி வரியாக வாசியுங்கள். பங்குதாரர் மாற்றத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கும்.

திருப்பூர் சாயப்பட்டறை என்றால் அதற்கென்று தனிப் பட்டியல் வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு இல்லாமல் அங்கே தொழில் கிடையாது. பல பட்டறைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்தும் கம்பெனியில் பங்குதாரர்களாக இருக்கின்றன. அந்தப் பங்கும், அங்கே அனுப்ப அனுமதிக்கப்பட்ட நீரின் அளவும் இல்லாமல் மெஷின் இருந்து பயனில்லை. அந்த நிலையத்துக்கு எவ்வளவு பாக்கி, வாரியத்தின் இசைவு எந்தத் தேதி வரை, எந்த அளவு உற்பத்திக்கு என்று எழுத்தில் வாங்குங்கள்.

மற்றபடி ஜிஎஸ்டி, வருமான வரி, பிஎஃப், இஎஸ்ஐ நோட்டீசுகள், கிராஜுவிட்டி ஒதுக்கீடு, நிலுவை வழக்குகள், டைரக்டர்கள் கம்பெனிக்குக் கொடுத்திருக்கும் கடன். கடைசியாகச் சொன்னதைத் தனியாகக் கவனியுங்கள். பங்குக்கு 4 கோடி என்று பேசிவிட்டு, கையெழுத்து நாளில் "நான் கம்பெனிக்குப் போட்ட 80 லட்சம் வேற" என்று விற்பவர் சொன்னால் பேச்சு அங்கேயே முறியும். கடனோடு சேர்த்தா சேர்க்காமலா என்பது முதல் நாளே தெளிவாக வேண்டும்.

வரி: இருவரையும் ஒரே நேரத்தில் அடிக்கும் இடம்

சந்தையில் இல்லாத பங்கை, விதிப்படி கணக்கிட்ட நியாய மதிப்புக்குக் கீழே விற்றால், அந்த நியாய மதிப்புக்கே விற்றதாக எடுத்துக்கொண்டு விற்பவருக்கு மூலதன ஆதாய வரி போடுவார்கள். வாங்கியவருக்கும் வரி உண்டு. வித்தியாசம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழு வித்தியாசமும் அவருடைய வருமானம். 1961 சட்டத்தில் 50சிஏ, 56(2)(எக்ஸ்) பிரிவுகள். 2026 ஏப்ரல் முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு, அடிப்படை இதுதான்.

இந்த நியாய மதிப்பில், கம்பெனியின் நிலத்தைப் புத்தக மதிப்பில் எடுப்பதில்லை, அரசு வழிகாட்டி மதிப்பில் எடுப்பார்கள். நம் ஊர்க் கம்பெனிகளுக்கு இது மிகவும் முக்கியம். 1984ல் 2 லட்சத்துக்கு வாங்கிய ஒரு ஏக்கர் இன்னும் 2 லட்சமாகவே பேலன்ஸ் ஷீட்டில் உட்கார்ந்திருக்கும். வழிகாட்டி மதிப்பு 6 கோடி என்று வையுங்கள். மற்றதையும் சேர்த்து நியாய மதிப்பு 7 கோடி வருகிறது, தொழில் சுமாராகப் போவதால் 4 கோடிக்குப் பேசி முடிக்கிறார்கள். விற்பவர் 7 கோடிக்கு விற்றது போல வரி கட்ட வேண்டும். வாங்கியவருக்கு 3 கோடி வருமானம். இரண்டு பேரும் நேர்மையாகப் பேசிய விலைதான், ஆனாலும் வரி வரும். அதனால் ஆடிட்டரிடம் மதிப்பீட்டுக் கணக்கை விலை பேசுவதற்கு முன்பே போடச் சொல்லுங்கள்.

விற்பவர் பங்கை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. பங்கு விற்பனைக்கு ஜிஎஸ்டி இல்லை. விற்பவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ குடியிருப்பவர் என்றால், வாங்குபவர் வரி பிடித்தம் செய்துதான் பணம் தர வேண்டும். ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்ட விதிப்படி விலையும், சில நேரம் 60 நாளுக்குள் எஃப்சி-டிஆர்எஸ் படிவத் தாக்கலும் சேரும். அதற்கென்று அனுபவமுள்ள ஆளை வையுங்கள்.

ஒரு பகுதியை ரொக்கமாகத் தருகிறேன் என்ற பேச்சு வந்தால் நான் எழுந்துவிடுவேன். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். அதைவிட, ஒப்பந்தத்தில் வராத பணத்துக்கு நாளைக்கு எந்த நீதிமன்றத்திலும் இழப்பீடு கேட்க முடியாது.

ஒப்பந்தம்

பங்கு கொள்முதல் ஒப்பந்தத்தில் எல்லோரும் விலைப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள். நான் பின்னால் இருக்கும் பட்டியல்களைப் பார்க்கச் சொல்வேன். விற்பவர் கம்பெனியைப் பற்றித் தரும் உறுதிமொழிகள் அங்கே இருக்கும்: பங்கு என்னுடையது, அடமானத்தில் இல்லை, வரி கட்டியிருக்கிறது, இந்த வழக்குகளைத் தவிர வேறு வழக்கு இல்லை. அடுத்து, அந்த உறுதிமொழிகளுக்கு விலக்காக விற்பவர் வெளிப்படுத்தும் விவரங்கள். விற்பவரே, இங்கே எதையும் மறைக்காதீர்கள். சொல்லிவிட்ட குறை பேரத்தோடு முடியும். சொல்லாமல் விட்டது மூன்று வருடம் கழித்து வழக்காக வரும். 2019ல் வந்து பதில் போடாமல் விட்ட ஒரு ஜிஎஸ்டி நோட்டீசையும் எழுதுங்கள்.

வாங்குபவருக்கு இழப்பீட்டு உறுதி வேண்டும்: கைமாறும் நாளுக்கு முந்தைய வரி, பிஎஃப், வழக்கு எதுவானாலும் விற்பவர் ஈடு செய்வார் என்று. உறுதி மட்டும் போதாது, அதற்குப் பணம் எங்கே? விலையில் ஒரு பகுதியை எஸ்க்ரோ கணக்கில் (இரு தரப்புக்கும் பொதுவான மூன்றாம் தரப்பின் பொறுப்பில்) 12 முதல் 24 மாதம் நிறுத்திவைக்கலாம். எத்தனை சதவீதம் என்பது பேரம்தான். விற்பவர் தன் பக்கத்துக்கு ஓர் உச்சவரம்பும், சில்லறைக் கோரிக்கைகளைத் தவிர்க்க ஒரு குறைந்தபட்சத் தொகையும் எழுதிக்கொள்ள வேண்டும். பங்கின் உரிமை பற்றிய உறுதிக்கு மட்டும் வாங்குபவர் அந்த உச்சவரம்பை ஏற்கக் கூடாது.

போட்டித் தொழில் தொடங்கக் கூடாது என்ற ஷரத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. தொழிலின் நற்பெயரை விற்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு, அதுவும் குறிப்பிட்ட எல்லைக்குள், நியாயமான அளவில். "இந்தியா முழுவதும், ஆயுள் வரை" என்று எழுதினால் நிற்காது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில், மோனோபிளாக் பம்ப் தயாரிப்பில், இத்தனை ஆண்டு என்று எழுதுங்கள். நற்பெயரும் சேர்ந்தே விற்கப்படுகிறது என்ற வாசகம் அதற்கு முன்னால் கட்டாயம் இருக்க வேண்டும். விற்பவரின் மகன் வேறு பெயரில் அதே தொழிலைத் தொடங்குவதும் நடக்கிறது. குடும்பத்தாரையும் கையெழுத்துப் போட வையுங்கள்.

விற்பவருக்கு: உங்கள் வீடு எங்கே இருக்கிறது?

ஓவர்டிராஃப்டுக்கும் டேர்ம் லோனுக்கும் நீங்கள் சொந்த ஜாமீன் போட்டிருப்பீர்கள். மனைவியும் போட்டிருப்பார். ஆர்.எஸ். புரம் வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கும். பங்கை விற்று டைரக்டர் பதவியை விட்டதால் அந்த ஜாமீன் போகாது. புது உரிமையாளர் கடனைக் கட்டாவிட்டால் அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்வதற்கான சர்ஃபேசி சட்ட நோட்டீஸ் உங்கள் வீட்டுக் கதவில்தான் ஒட்டப்படும். "பேங்க்ல பேசிட்டேன், மாத்திக்கலாம்னு சொல்லிட்டாங்க" என்று வாங்குபவர் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் ஜாமீனை விடுவிக்கும் கடிதமும் பத்திரமும் உங்கள் கைக்கு வருவதை, பங்கு மாற்றத்துக்கு முன்நிபந்தனையாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அன்றைக்கே கடனை வாங்குபவர் பணத்தில் அடைத்துக் கணக்கை மூடுவது இன்னும் நல்லது. எப்படியும் வங்கியிடம் போகத்தான் வேண்டும். அதன் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பங்கமைப்பை மாற்றக் கூடாது என்று சாங்ஷன் கடிதத்தில் அநேகமாக இருக்கும்.

கைமாறும் நாள்

முந்தைய நாள் மாலை இரு தரப்பும் சேர்ந்து ஸ்டாக் எண்ணி, கணக்கை அந்தத் தேதியில் நிறுத்துங்கள். மறுநாள் போர்டு மீட்டிங். காகிதப் பங்கானால் பங்கு மாற்றத்துக்கான எஸ்ஹெச்-4 படிவம்: பங்கு எண்ணிக்கை, வரிசை எண்கள், ஃபோலியோ, தொகை, விற்பவர், வாங்குபவர், சாட்சி கையெழுத்துகள். முத்திரைத் தீர்வை முழுதாக இருக்க வேண்டும். ஒட்டிய ஸ்டாம்பைக் குறுக்கே கோடிட்டுச் செல்லாததாக்க வேண்டும். சட்டப்படி இந்தத் தீர்வை விற்பவர் செலவு. கையெழுத்தான 60 நாளுக்குள் படிவம் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும், ஒரு மாதத்துக்குள் புதுப் பெயரில் சான்றிதழ் வர வேண்டும். கம்பெனி மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும். அந்த நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் நீங்கள் தீர்ப்பாயம் போகலாம். டீமேட் பங்கானால் விற்பவர் தன் டெபாசிட்டரி பங்கேற்பாளரிடம் டெலிவரி இன்ஸ்ட்ரக்ஷன் ஸ்லிப் கொடுப்பார், தீர்வை அங்கேயே பிடிக்கப்படும்.

டைரக்டர் மாற்றத்தில் வரிசை முக்கியம். புது டைரக்டர்களை முதலில் நியமித்து, பிறகுதான் பழையவர்களின் ராஜினாமாவை ஏற்க வேண்டும். பிரைவேட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு டைரக்டர்கள் எப்போதும் வேண்டும். எல்லோரும் முதலில் ராஜினாமா செய்துவிட்டால் புதியவரை நியமிக்க அங்கே போர்டே இருக்காது. ஆர்டிஜிஎஸ் பணம் ஏறியதற்கான எஸ்எம்எஸ் விற்பவர் போனில் வந்த பிறகு படிவங்களைக் கைமாற்றுங்கள். சான்றிதழ்கள், பதிவேடுகள், மினிட்ஸ் புத்தகங்கள், காசோலைப் புத்தகங்கள், ஜிஎஸ்டி, வருமான வரி, பிஎஃப் தளங்களின் பாஸ்வேர்டுகள் அனைத்துக்கும் ஒரு ஒப்புகைப் பட்டியல் போட்டு இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.

விற்பவரே, உங்கள் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பெரும்பாலும் ஆடிட்டர் அலுவலக டிராயரில் இருக்கும். அதை அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது கம்பெனிச் சொத்து இல்லை, உங்கள் கையெழுத்து.

30 நாளுக்குள் டைரக்டர் மாற்றத்துக்கு டிஐஆர்-12 தாக்கலாக வேண்டும். பங்கு ஒருவர் பெயரிலும் உண்மையான பலன் இன்னொருவருக்கும் என்றால் அதற்கான அறிவிப்புகளும், பின்னணியில் இருக்கும் முக்கியப் பயனாளியைப் பற்றிய பிஇஎன்-2வும் உண்டு. வங்கியிலும் ஜிஎஸ்டி தளத்திலும் கையெழுத்து அதிகாரம் மாற வேண்டும். ஃபேக்டரி உரிமத்தில் ஆக்குபையர் (ஃபேக்டரிக்குச் சட்டப்படி பொறுப்பாளர்) என்று பழைய டைரக்டர் பெயர் இருக்கும். அது மாறாத வரை, ஷெட்டில் ஒரு விபத்து நடந்தால் சம்மன் அவருக்குத்தான் போகும். தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கு உடனே தெரிவிக்கச் சொல்லி விற்பவர் வற்புறுத்த வேண்டும்.

டிஐஆர்-12 தாக்கல் செய்வது புது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அவர்கள் மெத்தனமாக இருந்தால், ராஜினாமா செய்தவர் டிஐஆர்-11 படிவத்தைத் தானே தாக்கல் செய்யலாம். ராஜினாமாக் கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த தேதிக்கு அத்தாட்சி வைத்திருங்கள்; கடிதத்திலேயே பிந்தைய தேதி குறிப்பிடாவிட்டால் அந்தத் தேதியிலிருந்துதான் ராஜினாமா செல்லும். ஒரு மாதம் கழித்து அமைச்சகத் தளத்தில் கம்பெனியின் பெயரைப் போட்டு, டைரக்டர் பட்டியலில் உங்கள் பெயர் போய்விட்டதா என்று பாருங்கள். அடமானப் பட்டியலையும் அப்போதே பாருங்கள்.